ஒற்றைக் குளிசை

ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு வகைக் குளிசைதான் கொடுத்தார்கள் என்று என் கணவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அந்த மத்தியானத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே, கடைகளின் முதுகுப்புறத்தில், ஒரு வாடகை வீட்டில் அப்போது இருந்தோம். நான், அவர், அவருடைய அம்மா. மழை விட்டபாடில்லை. மகாவலி ஆறு செம்மண்ணைக் கரைத்துக் கரைத்துக் குடித்து வீங்கிப்போயிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கும் ஒரு நிறம் வந்திருந்தது. கொதிக்க வைத்தால் நிறம் அடியில் படியும், மணம் மட்டும் போகாது. அவர் ஓட்டோ ஓட்டினார். கண்டிக்கும் பல்லேகலைக்கும் நாள் முழுக்க ஓடுகிற மனிதர். கண்ட இடத்தில் சாப்பிடுவார், கண்ட குழாயில் வாய் வைப்பார். வயிற்றால் போகத் தொடங்கியபோது வீட்டில் சொல்லவில்லை. இரத்தமும் சளியுமாகப் போனபோதும் சொல்லவில்லை. நடுவழியில் ஓட்டோவை நிறுத்தி, ஏறியிருந்த ஆளை அப்படியே உட்கார வைத்துவிட்டு, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் ஓடியதை அவருடைய கூட்டாளி வந்து விழுந்து விழுந்து சிரித்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நான்தான் அதட்டி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

போனவர் திரும்பி வந்து மேசைமேல் ஒரு கடதாசி உறையை எறிந்தார்.

"என்னாங்க சொன்னாங்க?"

"என்னாத்தச் சொல்றது? ஒத்தக் குளிசை. காலையில ஒன்னு, ராவைக்கு ஒன்னு. அப்புறம் இந்தா, ஜீவனி பைக்கட்டு. வயித்தால போற பால்குடிப் புள்ளைக்குக் கரைச்சுக் குடுக்குற உப்புத்தூள எனக்குக் குடுத்து விட்டுருக்காரு."

"வயித்தப் பாத்தாங்களா?"

"பாத்தாரு. அமுக்கிப் பாத்தாரு, நாக்க நீட்டச் சொன்னாரு, ரத்தம் போவுதானு கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, இது ஒன்னே போதும், தண்ணிய மட்டும் விடாமக் குடினு சிங்களத்துல சொல்றாரு. போதுமாம்ல! நான் என்னா கோழிக்குஞ்சா, ஒன்னு போட்டாப் போதுங்கிறதுக்கு?"

அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. டாக்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்துதான் இருந்தது. புரிந்ததுதான் பிரச்சினை.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வருத்தக்காரரைப் பார்க்க வருகிறவர்கள், என்ன வருத்தம் என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வகை மருந்து என்று கேட்பார்கள். பெயர் யாருக்கும் வேண்டாம். உள்ளங்கையில் கொட்டிக் காட்ட வேண்டும். ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, பாதி சிவப்பும் பாதி கறுப்புமாய் ஒரு கூட்டுக் குளிசை என்று கை நிறைந்திருந்தால், "பரவால்ல, கெட்டிக்கார டாக்டர்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். கையில் ஒன்று மட்டும் கிடந்தால் பார்வை மெதுவாகக் கையிலிருந்து முகத்துக்கு ஏறும். உன்னை யாரும் மதிக்கவில்லை, பாவம், என்று அந்தப் பார்வை சொல்லும். எங்கள் வீட்டில் அந்தப் பார்வையை முதலில் பார்த்தது என் மாமியார். நான் அவரை மாமி என்றுதான் கூப்பிடுவேன். உறையைத் திறந்தார், ஒரு குளிசையை வெளியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், திரும்ப உள்ளே போட்டார்.

"எந்திரிடா. காசு குடுத்து டிஸ்பென்சரியில பாப்போம்."

"மாமி, இப்பதானே ஆஸ்பத்திரியில பாத்துக் குடுத்துருக்காங்க. போட்டுப் பாப்போமே."

"நீ பாப்ப. ஒனக்கென்னா? புருசன் போனா ஒக்காந்து கவிதை எழுதுவ."

நான் எழுதுகிறவள் என்பது அந்த வீட்டில் அப்போது ஒரு வசவு. சோறு குழைந்தால் கவிதை, குழாய் ஒழுகினால் கவிதை. நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். வாசல் வரைக்கும் போய்ச் சண்டை பிடித்தேன். தாயும் மகனும் ஒரே குடைக்குள் நுழைந்து, ஒருவர் தோளை மற்றவர் இடித்துக்கொண்டு, மழைக்குள் போய்விட்டார்கள்.

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. மருந்து ஒன்றும் இன்னும் வயிற்றுக்குள் போகவில்லை, முகம் மட்டும் தெளிந்துவிட்டது. மாமி மடியிலிருந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எதிலும் பெயர் இல்லை. காலை, மாலை என்று பேனாவால் கோடு மட்டும். அதில் ஒன்றுக்குள் நீளமாக, வெளிறிய மஞ்சளில், தொண்டைக்குள் இறங்குமா என்று யோசிக்க வைக்கும் அளவில் ஒரு குளிசை.

"இதுக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு புள்ள," என்றார் மாமி. அவர் குரலில் ஒரு பெருமை. "ரெண்டையும் சேத்து ஒன்னா அடிச்சிருக்காங்க. ஒன்னுக்குத் தப்புனா இன்னொன்னு புடிச்சுக்குமாம். டாக்டரய்யா சொன்னாரு."

"அப்ப ஆஸ்பத்திரிக் குளிசைய நிப்பாட்டணும்ல?"

"எதுக்கு நிப்பாட்டணும்?" என்றார் என் கணவர். "அதையும் போடுவோம். அது மரியாதைக்கு. இது வேலைக்கு."

அப்படியே செய்தார். ஆஸ்பத்திரிக் குளிசையை முதலில், டிஸ்பென்சரிக் குளிசைகளைப் பின்னால், ஒரே மிடறில். சாமி கும்பிடுகிறவர் எல்லாக் கோயிலுக்கும் ஒரு சூடம் ஏற்றுவதைப் போல. தப்பித் தவறி எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோபித்துக்கொண்டது வயிறு. முதலில் வாய் கசந்தது. "வாய்க்குள்ள சில்லறைக் காச வச்சுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்குடி," என்றார். பிறகு குமட்டல். மறுநாள் வாந்தி. சோறு போனது, கஞ்சி போனது, கடைசியில் வெறும் மஞ்சள் நீர். கீழே போவதோ நின்றபாடில்லை. ஒரு மனிதன் இரண்டு பக்கத்தாலும் வழிந்துகொண்டிருந்தான். நான் ஜீவனியைக் கரைத்துக் கொடுத்தேன். பெரிய மடக்காகக் குடித்தார், அதே வேகத்தில் வெளியே வந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம் என்று குவளையை எடுத்தேன். தண்ணீர்க் கேத்தலைக் காணவில்லை. மாமி அதைத் தன் முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"தண்ணி குடுக்காத புள்ள. ஊத்த ஊத்தத்தான் ஓடும். காய விட்டாத்தான் நிக்கும்."

"அவருக்கு உள்ள ஒன்னுமே இல்ல மாமி. நாக்கப் பாருங்க, ஒட்டிக்கிச்சு. அந்தக் குளிசைதான் பெரட்டுது. அத நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரிக் குளிசைய மட்டும் குடுப்போம். தண்ணியும் குடுப்போம். அங்க சொன்னாங்கல்ல?"

"ஒத்தக் குளிசையா?" என்றார் மாமி. "ஒத்தக் குளிசை குடுத்து ஒன்னப் பறிகுடுத்தவ நான். இன்னொன்னையும் குடுக்கச் சொல்றியா?"

அவருக்கு மூத்த பிள்ளை ஒன்று இருந்து இறந்தது எனக்குத் தெரியும். எப்படி என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு மாமி கேத்தலை மடியில் அணைத்தபடி, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னார். அழவில்லை. திட்டுகிற குரலில் சொன்னார்.

கண்டிக்குக் கிழக்கே மலைக்குள் ஒரு தேயிலைத் தோட்டம். நாடு சுதந்திரம் அடைந்து வருடங்கள் போயிருந்தன. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அந்தச் செய்தி இன்னும் வரவில்லை. பிள்ளை அப்போதுதான் பேசப் பழகியிருந்தது. வயிற்றால் போகத் தொடங்கி, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கிற நேரத்துக்குள் துவண்டுவிட்டது. மாமி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து மருந்துச் சாலைக்கு இறங்கினார். அங்கே இருந்த மனிதர் டாக்டர் அல்ல. ஆனாலும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிட வேண்டும். அவருடைய மேசையில் ஒரு பெரிய கண்ணாடிப் போத்தல். அதற்குள் வெள்ளைக் குளிசை. தலையிடிக்கும் அது, காய்ச்சலுக்கும் அது, பிள்ளை பெற்றவளின் இடுப்பு வலிக்கும் அது. பிள்ளையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன்ன எடுத்துக் கையில போட்டாரு. ஐயா, வேற ஒன்னும் இல்லீங்களான்னு கேட்டேன். ஒங்களுக்கு இது போதும், போ, தண்ணி மட்டும் காட்டாதேன்னாரு. சரிங்கன்னு வந்துட்டேன். வேற என்னா சொல்றது?" மாமி கேத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். "நான் ஒரு சொட்டுக் குடுக்கல. அவன் தண்ணி தண்ணின்னு கத்துனான். லயத்துக் கூரைத் தகரத்துல வழிஞ்ச மழைத்தண்ணிய நக்கப் போனான். நான் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். அவ்வளவு பக்குவமாப் பாத்துக்கிட்டேன் புள்ள. நான் ஒரு கொறையும் வைக்கல. அந்த ஒத்தக் குளிசைதான் கேக்கல. துரை வீட்டுப் புள்ளையா இருந்தா ஒத்தக் குளிசை குடுத்திருப்பானா?"

குடுத்திருக்க மாட்டான். அது எனக்கும் தெரியும். ஒன்று போதும் என்று சொல்லிச் சொல்லியே எங்களை ஆண்டார்கள். படுக்க ஒரு காம்பரா போதும், ஒரு குழாய் போதும், ஒரு கம்பளி போதும். பரம்பரை பரம்பரையாக அந்தப் போதும் எங்கள் காதில் ஊற்றப்பட்டது. பிறகு ஒரு நாள், எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில், வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாக்கைப் பார்த்து, உண்மையாகவே யோசித்து, உண்மையாகவே இது ஒன்று போதும் என்று ஒரு டாக்டர் சொன்னால், அதை நம்புவதற்கு எங்களிடம் காது எங்கே மிச்சம் இருக்கிறது?

ஆனால் அந்த நேரத்தில் எனக்கு இப்படியெல்லாம் யோசனை ஓடவில்லை. கோபம் மட்டும் வந்தது. மாமிமேல் அதை வைக்க முடியவில்லை. பாயில் சுருண்டு கிடந்தவர்மேலும் வைக்க முடியவில்லை. செத்துப்போன பிள்ளையும் சாகக் கிடக்கிற பிள்ளையும் இருக்கிற ஓர் அறையில் நான் யாரைத் திட்டுவது? உறைகளை அள்ளிக்கொண்டு, குடையை மறந்து, டிஸ்பென்சரிக்கு நடந்தேன்.

அங்கே நோயாளிகள் உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். எல்லோர் முகத்திலும் அதே கலக்கம். அந்த மழைக்கு அந்தப் பக்கமெல்லாம் வயிறு கெட்டிருந்தது. நான் வரிசையைத் தாண்டி உள்ளே போய் மேசையில் உறைகளை வைத்தேன். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். வயதான, அமைதியான, நன்றாகச் சவரம் செய்த முகம். கோபப்படுவதற்கு வசதியில்லாத முகம்.

"இதுக்குள்ள என்ன இருக்கு டாக்டர்?"

"மருந்து."

வாங்கில் ஒருவர் சிரித்தார்.

"பேர் என்ன?"

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? ஜாதகம் எழுதவா?"

இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஆஸ்பத்திரி உறையை எடுத்து மற்ற உறைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதில் பெயர் எழுதியிருந்தது. டாக்டர் அதைப் படித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியது.

"இதையும் எடுக்கிறாரா?"

"ரெண்டையும்."

"இதை நிப்பாட்டுங்க. இது சிப்ரோ. நான் குடுத்த குளிசைக்குள்ளயும் சிப்ரோ இருக்கு."

"கூட இருக்கிற மற்றது?"

"டினிடசோல். அது வேற கிருமிக்கு."

"அந்தக் கிருமி அவருக்கு இருக்கா?"

"இருக்கலாம்."

"பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தணித்தார். தணித்த குரலில் அவர் சொன்னதைத்தான் என்னால் இத்தனை வருடம் மன்னிக்க முடியவில்லை.

"தங்கச்சி, ஒன்னு போதும்னு எனக்குத் தெரியாதா? படிச்சுத்தானே வந்தேன். ஒன்னக் குடுத்தா உங்க மாமியார் என்ன செய்வாங்க? இந்த வாசலத் தாண்டுறதுக்குள்ள அடுத்த டிஸ்பென்சரிக்குப் போயிடுவாங்க. அங்க மூணு குடுப்பாங்க. நான் கிருமி மருந்து ரெண்டோட நிப்பாட்டினேனேன்னு சந்தோசப்படுங்க."

தெரியும். அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் நான் அழுதுவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவது மருந்தால் நோய் ஒரு மணி நேரம்கூட முந்திக் குணமாகாது, வாய் கசக்கும், வயிறு புரளும், குடித்த தண்ணீர் நிற்காது, இதெல்லாம் தெரிந்திருந்தும் அந்த மஞ்சள் குளிசையை உறைக்குள் போட்டுக் கோடு கிழித்துக் கொடுத்திருக்கிறார். மாமியின் செத்த பிள்ளைக்கு, அவன் பெயர்கூடத் தெரியாமல், இவர் தினமும் மருந்து கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க பயத்துக்கு மருந்து குடுக்கவா டாக்டர் நீங்க படிச்சீங்க?" என்று கத்தினேன். "பயத்தத் தெளிய வைக்கிறதுக்கு ஒரு வார்த்த சொல்ல ஒங்களுக்கு நேரம் இல்ல, ரெண்டு குளிசைய ஒன்னாப் போட நேரம் இருக்கு?"

"அக்கா," என்று வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது. "சண்டைய வெளியில வச்சுக்கங்க. எனக்கு இப்ப வயித்தால போயிரும்."

டாக்டருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. நான் திரும்பும்போது அவர் முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "வாந்தி நிக்கலைன்னா இங்க கொண்டு வர வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க." அதை மட்டும் டாக்டராகச் சொன்னார் என்று வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் கண் குழிக்குள் போயிருந்தது. கன்னத்து எலும்பு புதிதாக முளைத்ததுபோல் துருத்திக்கொண்டு நின்றது. கையைப் பிடித்தேன். விரல் நுனியெல்லாம் வெகுநேரம் துணி துவைத்த கைபோல் சுருங்கியிருந்தது. "ஒண்ணுக்குப் போனீங்களா?" என்றேன். யோசித்தார். யோசிக்க வேண்டியிருந்தது. "நேத்துப் போனேன்னு நெனைக்கிறேன்," என்றார். அந்தக் குரல் அவருடையதாக இல்லை.

கூட்டாளியின் ஓட்டோ வந்தது. அவனும் நானும் இரண்டு பக்கமும் தாங்கி ஏற்றினோம்.

"மச்சான், பெற்றோல் இல்லாம ஓடுதுடா ஒன் எஞ்சின்," என்றான் அவன், சிரிக்க வைக்கப் பார்த்து. "என்னா, பார்மசியவே முழுங்கிட்டியா?"

"மூடிக்கிட்டு ஓட்டுடா," என்றார் இவர். அவன் உண்மையாகவே மூடிக்கொண்டு ஓட்டினான். மாமி எல்லா உறைகளையும் ஒரு பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். மழைக்குள் கண்டி வந்து சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தது ஓர் இளம் சிங்கள டாக்டர், பெண். என்னென்ன குடித்தார் என்று கேட்டாள். மாமி பையைக் கட்டிலில் கவிழ்த்தார். டாக்டர் குளிசைகளை விரலால் பிரித்துப் பிரித்து வைத்தாள். ஒன்றைப் பார்த்ததும் ஆஸ்பத்திரி உறையைப் பார்த்தாள், மறுபடி இதைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாவற்றையும் நிறுத்தினாள். சேலைன் ஏறியது. வாந்திக்கு ஓர் ஊசி, கிருமிக்கு ஓர் ஊசி.

"கிருமிக்கு ஒன்னுதானா?" என்று மாமி என் தோளை இடித்தார். "கேளு புள்ள. ஒன்னுதானான்னு கேளு."

நான் சிங்களத்தில் கேட்டேன். டாக்டர் மாமியைப் பார்த்தே பதில் சொன்னாள். நான் இடையில் நின்று தமிழாக்கினேன். இந்த நோய்க்கு ஒரு மருந்து சரியாக இருந்தால் அது போதும். இரண்டாவது மருந்து வேறொரு பூச்சிக்கானது; அந்தப் பூச்சி இருக்கிறதென்று சோதித்துத் தெரிந்தால் கொடுக்கலாம். சந்தேகத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வருத்தக்காரருக்குக் கிடைப்பது இரண்டு மருந்தின் தொல்லை. இப்படி எல்லோருக்கும் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தால் கிருமி மருந்துகளைப் பழகிக்கொள்ளும், நாளைக்கு எதற்கும் கேட்காது. முதலில் கொடுத்த குளிசை சரியான குளிசைதான். அதை மட்டும் போட்டு, தண்ணீரையும் குடித்திருந்தால் இவர் இந்நேரம் ஓட்டோ ஓட்டிக்கொண்டிருப்பார்.

பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். உடம்பில் தண்ணீர் வற்றி சிறுநீரகம் வேலையை நிறுத்தப் பார்க்கிறது. இரத்தப் பரிசோதனை அப்படித்தான் சொல்கிறது. சேலைன் ஏற ஏறச் சிறுநீர் வர வேண்டும். பொழுது சாய்வதற்குள் வந்தால் பயமில்லை. வராவிட்டால் மெஷினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டிவரும். அதற்குப் பிறகு சிறுநீரகம் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் மூத்திரத்துக்குக் காத்திருந்தோம். கட்டிலில் ஒரு வெற்றுப் போத்தல். மாமி கட்டிலின் காலடியில் நின்று அதையே பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியில் மழை, உலகத்துக்கே போதுமான தண்ணீர், கூரையிலிருந்து, கிளைகளிலிருந்து, வழிந்து வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. இவர் உடம்பில் மட்டும் ஒரு சொட்டு இல்லை.

டாக்டர் மறுபடி வந்தபோது மாமி என் கையைப் பிடித்தார்.

"இன்னொன்னு கேக்கணும். மூத்தவனுக்கு அன்னைக்குக் குடுத்தானே ஒரு வெள்ளக் குளிசை. அது சரியான குளிசையா, இல்லையா? இவனுக்குச் சொன்ன மாதிரி அதுவும் ஒன்னு போதுமா இருந்துச்சா? கேளு."

எனக்குக் கேட்க விருப்பமில்லை. கேட்டேன். பிள்ளைக்கு எத்தனை வயது, என்ன நடந்தது என்று டாக்டர் விசாரித்தாள். தண்ணீர் காட்ட வேண்டாம் என்று சொன்னதையும் நான் சொல்ல வேண்டியதாயிற்று. டாக்டர் பேனாவை மூடினாள். அந்தக் குளிசை என்னவென்று தனக்குத் தெரியாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அதற்குமேல் அவள் சொல்லப்போவது எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எப்படியாவது வளைத்து, வேறு எதையாவது சொல்லி மொழிபெயர்த்துவிடலாம் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. மாமியோடு நேராகப் பேச வேண்டும் என்று நினைத்து, தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை எடுத்தாள்.

"சின்னப் பிள்ளை, அம்மா. குளிசை வேணாம். தண்ணி. உப்பு, சீனி, தண்ணி. தண்ணி குடுத்தா சரி."

டாக்டர் மாமியின் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்த மருந்துச் சாலை மனிதர் எப்போதோ செத்திருப்பார். அவருக்கு அதைக் கற்பித்தவர்களும் செத்திருப்பார்கள். கொழுந்து பறிக்கிற கைகளுக்கு உப்பும் சீனியும் கரைக்கத் தெரியாதா? ஒரு வார்த்தை போதாதா? அந்த ஒரு வார்த்தையைக்கூட எங்களுக்குக் கொடுக்கவில்லை. போதும் போதும் என்று அளந்து அளந்து போட்டவர்கள், செலவே இல்லாத தண்ணீரைக்கூடப் பிள்ளையின் வாயிலிருந்து தட்டிவிடச் சொல்லிப் பெற்றவளையே காவல் வைத்தார்கள். அவளும் குறை வைக்காமல் காவல் காத்தாள். இதற்கு யாரை நான் மேசைக்கு முன்னால் நின்று கத்துவது? இன்றைக்கும் மேசையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மாமி முந்தானையால் கையைத் துடைத்தார். ஜீவனி கரைத்து வைத்திருந்த குவளையை எடுத்தார், கரண்டி கேட்டார். நான் கொடுத்தேன். மகனின் தலையைத் தன் கைக்குள் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கரண்டி ஊற்றினார். வாந்தி வரவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி.

"போதும்மா," என்றார் அவர்.

"குடிடா."

"கொமட்டுதும்மா. கொஞ்சம் பொறு."

"பொறுத்தது போதும். வாயத் தொற. தொறடா நாயே."

அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் சிங்களத்தில் என்னிடம் கேட்டார், இந்த அம்மா மகனை எதற்குத் திட்டுகிறார் என்று. பாசம் என்றேன். அவர் தலையாட்டினார். நான் குவளையை வாங்கப் போனேன், மாமி தரவில்லை. உப்புத் தண்ணீர் மகனின் நாடியில் வழிந்தது. மாமி துடைத்துவிட்டு மறுபடி ஊற்றினார். வெளியில் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நேரம் ஆக ஆக எனக்குக் கரண்டி குவளையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவர்தான் முதலில் என் கையைச் சுரண்டினார்.

"அந்தப் போத்தல எடு."

"வருதா?"

"எடுடி. ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்காத."

போர்வைக்குள் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார், நெற்றி சுருங்கியது. பிறகு போத்தலின் அடியில் ஒரு சின்னச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. வெளியே எடுத்தபோது அடியை மூடும் அளவுக்குத்தான் இருந்தது, பால் விடாத கடும் பிளேன்டீ நிறத்தில். ஆனால் இருந்தது.

அட்டெண்டன் வந்து கையை நீட்டினான். மாமி அவனைத் தள்ளிவிட்டுப் போத்தலை என் கையிலிருந்து பிடுங்கினார். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவில், செருப்பில்லாத காலோடு, வாட்டின் கோடியில் தாதி மிஸ்ஸி உட்கார்ந்திருந்த மேசைக்கு நடந்தார். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். மேசையில் ஓங்கி வைத்தார்.

"தண்ணி குடுத்தேன்," என்று மாமி கத்தினார். வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நான்தான் குடுத்தேன். எழுதிக்கங்க. நான் தண்ணி குடுத்தேன்."

மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியாது. போத்தலைச் சரித்து அளவைப் பார்த்து எழுதினாள்.